ஒத்தை ஆள் பலகை

கடைக்குள்ள வரும்போதே கேள்வியோடதான் வருவார் அந்த மனுசன். வணக்கம், சௌக்கியமா, ஒன்னும் கிடையாது. "ஏங்க, இதைக் கறுப்புல எடுப்போமா, கலர்ல எடுப்போமா?" கையில இருக்கிறது கோழிக்கு ஊசி போடுற முகாமுக்கு நோட்டீஸு. கறுப்பே போதும் சார்னு சொல்லுவேன். சரிங்கம்பார். சொல்லிட்டு அப்படியே திரும்பி, ஆதார் திருத்த வந்து நிக்கிற ஆளைப் பாத்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க, கறுப்புல தெளிவாத் தெரியுமா?"ம்பார். அந்த ஆள் பேரு தப்பா வந்துருச்சுன்னு நாலு நடை அலைஞ்ச கடுப்புல நிப்பார். அவரும் ஒரு அபிப்பிராயம் சொல்லுவார். அப்பறம்தான் என் மிஷின் ஓடும்.

கட்டுமாவடி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், ஊர்க்காரங்களுக்கு ஆர்டர் போட்டு சாமான் வரவழைச்சுக் குடுக்குறது, எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குக் கடல். சொந்தமா ஒரு பைபர் படகு வச்சிருக்கார். மக திருச்சியில ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைக்கு வாரவுக எல்லாம் அதைப் பொறுத்துக்கிட்டுத்தான் வாராக.

இவர் எங்க ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு மாத்தலாகி வந்தவர். டாக்டர் இல்ல, டாக்டருக்கு அடுத்த வேலை. ஆலங்குடிப் பக்கம், தென்னையும் முந்திரியுமா இருக்கிற ஊரு. கடலைக் கிட்டத்துல பாத்ததே இங்க வந்துதானாம். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கல்யாணம் ஆகல. ஊர்ல அண்ணன் குடும்பம் இருந்துச்சு. இங்க ஒரு மாடி ரூம்ல ஒத்தையா இருந்தார். மறுபடி மாத்தலாகிப் போயி இப்ப நாலு வருசத்துக்கு மேல ஆகுது. ஆனா யாராச்சும் வாசல்ல நின்னு "ஏங்க"ன்னா இன்னைக்கும் எனக்கு அவர்தான்னு தோணும்.

அறந்தாங்கி போகணும்னா, முன்னாடி நிக்கிற பஸ்ல ஏறவா, பின்னாடி வாரதுல ஏறவான்னு கேட்டுக் கேட்டே ரெண்டையும் விட்டுருவார். நான் கடைக்குள்ள இருந்து கத்துவேன், "சார், ரெண்டும் அறந்தாங்கிக்குத்தான் போகுது!"ன்னு. சிரிச்சுக்கிட்டே வந்து பெஞ்சுல உக்காந்துருவார். அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழிச்சு. அவருக்கு அதுல ஒரு வருத்தமும் இருக்காது. மளிகைக் கடையில சோப்பு வாங்க நாலு பேரைக் கேப்பார். முடி வெட்டுற கடையில, பக்கத்து நாற்காலியில நுரையோட இருக்கிறவரைக் கேப்பாராம், "மீசையை இன்னும் கொஞ்சம் எடுக்கலாமாங்க?"

இத்தனைக்கும், ஒரு தடவை எங்க தெருவுல ஒரு பசு கன்னு போட முடியாமத் தவிச்சுச்சு. கூப்பிட்டு விட்டோம். மனுசன் வந்தார், சட்டையைக் கழட்டுனார், தோள்பட்டை வரைக்கும் கையை விட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. "கயிறு", "வெந்நி", "தள்ளி நில்லுங்க", மூணே வார்த்தைதான். கால் மணி நேரத்துல கன்னு வெளிய வந்துருச்சு. கையைக் கழுவிட்டு, பசுக்காரம்மாகிட்ட, "காப்பி குடிக்கவா, டீ குடிக்கவா?"ன்னார். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கணும். புரியல.

அந்தப் பலகைப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுச்சுன்னா, ஒரு நாள் ஃபோனை நீட்டுனார். "ஏங்க, இதைப் பாருங்க." ஏதோ வெளிநாட்டுத் தண்ணி. ஒரு ஆளு நீளமான பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்புப் போட்டுப் போறாரு. "இது காத்து அடிக்கிற பலகைங்க. சுருட்டிப் பையில போட்டு முதுகுல மாட்டிக்கலாம்."

"எதுக்கு சார் ஒங்களுக்கு இதெல்லாம்? கடலுக்குப் போகணும்னா எங்க வீட்டுக்காரர்கூடப் போங்களேன்."

"கேட்டேங்க. ஒரு நாள் கூட்டிட்டுப் போனார். வலை இழுக்குற எடத்துல எனக்கு நிக்கக்கூட எடமில்ல. ஒங்க ஊர்ப் படகு எதையும் ஒத்த ஆளாத் தள்ள முடியாதுங்க. கூட ரெண்டு பேராச்சும் வேணும். இதுதான் ஒத்த ஆளுக்கு ஆகும்போல."

அவர் அதைச் சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன்.

அதுலேருந்து எட்டு மாசம். எட்டு மாசமும் அந்தப் பலகைதான். பத்தரை அடி வாங்கலாமா, பதினோரு அடியா? நீளமா இருந்தா நேராப் போகுமாம், குட்டையா இருந்தா சட்டுன்னு திரும்புமாம். அகலம் முப்பத்திரெண்டு இன்ச்சா, முப்பத்தி நாலா? அகலம் கூடுனா ஆடாதாம், ஆனா வேகம் வராதாம். "எனக்கு வேகம் எதுக்குங்க? ஆடாம இருந்தாப் போதும்"பார். சரி, முடிஞ்சுச்சுன்னு நெனைப்பேன். மறுநாள், "கனம் நாலு இன்ச்சு போதுமா, ஆறு வேணுமா?"ன்னு வந்து நிப்பார். நாலு இன்ச்சுன்னா நடுவுல தொங்கிப் போகுமாம். ஆறுன்னா மரப்பலகை மாதிரி நிக்குமாம்.

அது எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருந்துச்சு. உடனே அவருக்குத் தன் எடை தெரியணும். எங்க ஊர்ல மனுசனை நிறுக்குற மிஷினுக்கு எங்க போறது? மீன் ஏலம் விடுற எடத்துக்குப் போயி, மீன் கூடை வைக்கிற தராசுல ஏறி நின்னுட்டார். எழுபத்தெட்டு கிலோ. ஏலக்காரர் சத்தமா, "சாரு எழுபத்தெட்டு! யாருப்பா கேக்குறது?"ன்னு கூவ, யாரும் கேக்கலியாம். என்கிட்ட வந்து அவரே சொல்லிச் சிரிச்சார். "ஒருத்தரும் கேக்கலைங்க."

பலகைக்கு அடியில மீன் செட்டை மாதிரி ஒன்னு வருமாம், நேராப் போறதுக்கு. எங்க கரையில முழங்கால் தண்ணி ரொம்ப தூரத்துக்குப் போகும், அடியில சேறு. நீளச் செட்டைன்னா சேத்துல மாட்டும், குட்டைச் செட்டை இருக்கிறதாப் பாருங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். அது நல்ல யோசனை. அதை வச்சு ஒரு மாசம் ஓட்டுனார். டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலை கட்டுற எடம், ஜெகதாப்பட்டினத்துல மீன் யாவாரிங்கன்னு ஒருத்தர் பாக்கி இல்ல. எல்லார்கிட்டயும் செட்டைப் பேச்சுதான். எங்க ஊர் ஆளுக அந்தப் பலகையை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல, ஆனா அதப்பத்தி ஆளுக்கொரு அபிப்பிராயம் வச்சிருந்தாக.

அப்ப ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள். கடையில நிக்க எடமில்ல. சர்வர் படுத்துக்கிச்சு. ஒரு புள்ளையோட போட்டோ ஏற மாட்டேங்குது. அந்த நேரத்துல இவர் உள்ள வந்து, எல்லாத் தலைக்கும் மேல ஃபோனை நீட்டி, "ஏங்க, மத்ததெல்லாம் முடிவாயிருச்சு. நீலம் எடுக்கவா, ஆரஞ்சு எடுக்கவா?"

எனக்கு வந்துச்சே கோவம். "இப்படிப் பாத்துப் பாத்துத்தான் சார் ஒங்களுக்குக் கல்யாணமே ஆகாமப் போச்சு!"

கடையே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சார். சிரிச்சுட்டு, ஃபோனைக் கீழ எறக்கி, கொஞ்ச நேரம் அதையே பாத்தார். "ஆரஞ்சே போட்டுருங்க"ன்னார். யாரையும் கேக்கல. விலாசம் சொல்லிட்டு வெளிய போயிட்டார்.

ஆர்டர் போட்டேன். மனசுல ஒரு உறுத்தல் இருந்துச்சு. அப்பறம் கூட்டத்துல மறந்துட்டேன்.

பார்சல் வந்த அன்னைக்குக் கரையில திருவிழாக் கூட்டம். பையைப் பிரிச்சா ஒரு கனத்த சுருளு. விரிச்சா பாய் மாதிரி கெடக்கு. கைப்பம்புல காத்து அடிச்சார். அடிக்கிறார், அடிக்கிறார், பம்புல இருக்கிற முள்ளு அசையவே இல்ல. "பம்பு போச்சு சார், திருப்பி அனுப்புங்க"ன்னார் எங்க வீட்டுக்காரர். இவர் பார்சல்ல கூட வந்த புத்தகத்தைக் காட்டுனார். மொதல்ல முள்ளு நகராதாம், நல்லா இறுகுனப்பறம்தான் காட்டுமாம். அதுக்கப்பறம் ஆளாளுக்குப் பத்து அடி. முள்ளு பதினஞ்சுக்கு வரும்போது பலகை கல்லு மாதிரி ஆயிருச்சு. தட்டிப் பாத்தா டங்குன்னு சத்தம்.

இவர் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குப் போகப் பாத்தார். எங்க வீட்டுக்காரர் மறிச்சுட்டார். புதுப் படகு கும்பிடாம எறங்குறதாவது? சந்தனம், குங்குமம், மூக்குல ஒரு பூ. தேங்காயைப் பக்கத்துக் கல்லுல ஒடைச்சார். எல்லாம் சரி. வெத்தலையில சூடத்தை வச்சு, எப்பவும் படகு மூக்குல வைக்கிற மாதிரி பலகை மேலயே வச்சுப் பத்தவச்சுட்டார். மரமா அது, ரப்பரு! புசுபுசுன்னு பொகை. நான் போட்ட கூச்சல்ல தண்ணியை ஊத்துனாக. நல்லவேளை, மேல் ரப்பர்தான் உருகிக் காசு அளவுக்குக் கறுப்பாப் போச்சு. காத்து எறங்கல. எங்க வீட்டுக்காரருக்கு மொகமே செத்துப் போச்சு. இவர் அந்தக் கறுப்பைத் தடவிப் பாத்துட்டு, "பரவால்லைங்க, ஒங்க படகுக்கெல்லாம் நம்பர் இருக்குல்ல, என்னுதுக்கு இது இருக்கட்டும்"ன்னார்.

மொதல் நாள் பதினேழு தடவை விழுந்தார். எண்ணுனது ஊரு. மொதல்ல மண்டி போடுங்க, அப்பறம் ஒவ்வொரு காலா வைங்க, காலைப் பாக்காதீங்க, தூரத்தைப் பாருங்கன்னு புத்தகத்துல இருக்கிறதை ஆளுக சத்தம் போட்டுப் படிச்சாக. பலகையோட வாரைக் கணுக்கால்ல மாட்டிருந்ததுனால, விழுந்தாலும் அது ஓடிப் போகல. சேத்தைப் பூசிக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சு ஏறுனார். ரெண்டு வாரத்துல விழாம நின்னுட்டார். கூட்டமும் அத்தோட கலைஞ்சிருச்சு. கத்துக்கிட்டவரை யார் நின்னு வேடிக்கை பாப்பா?

அப்பறம் ஞாயித்துக்கெழமைன்னா காலையில பையை மாட்டிக்கிட்டுக் கடை வழியாப் போவார். திரும்பி வந்து மாடியில பலகையைக் கழுவி, நிழல்ல ஆறப் போட்டு, ஈரம் போனப்பறம்தான் சுருட்டுவார். வெயில்ல காத்தோட கெடந்தா உள்ள சூடாகித் தையல் விட்டுருமாம். அந்த அளவுக்குப் பாத்துக்கிட்டார். ஆனா கடைக்குள்ள வாரதில்ல. ஜெராக்ஸ் வேணும்னா ஆஸ்பத்திரி ஆயா எடுத்துட்டு வந்துச்சு.

தொல்லை விட்டுச்சுன்னுதான் மொதல்ல இருந்தேன். பத்து நாள்ல கடை வெறிச்சுன்னு ஆயிருச்சு. கூட்டம் இருந்துச்சு, ஆனா வாரவுக விண்ணப்பத்தைக் குடுத்துட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. எவரும் எவர்கிட்டயும் ஒன்னும் கேக்கல. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அந்த மனுசனுக்கு முடிவு எடுக்கத் தெரியாம இல்ல. ரூம்ல பேச ஆள் இல்ல, ஆஸ்பத்திரியில பாதி நாள் மாடும் வாரதில்ல. சும்மா வந்து பேசுனா யார் பேசுவா? கேள்வி கேட்டா யாரும் பதில் சொல்லாமப் போக மாட்டாக. அதை நான் நாலு பேருக்கு முன்னாடி அடைச்சுப்புட்டேன். போயி ஒரு வார்த்தை, தப்பாச் சொல்லிட்டேன் சார்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. என் வாய் கிண்டலுக்குத்தான் நீளம், இதுக்கு நீளல.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை. எதிர்த்த கடை பிளெக்ஸ் படபடன்னு கடல் பக்கமா அடிச்சுக்கிச்சு. மேக்காத்து. கரையிலேருந்து கடலுக்குத் தள்ளுற காத்து அது. கடல்காரன் பொண்டாட்டி எனக்கு அது தெரியாதா? அந்தக் காத்துல கரையோரம் கண்ணாடி மாதிரி கெடக்கும், அலையே இருக்காது. புதுசாப் பாக்குறவுகளுக்கு ஆகா, நல்ல கடல்னு தோணும். உள்ள போனாத்தான் தெரியும். என்னா துடுப்புப் போட்டாலும் கரை தள்ளித் தள்ளிப் போகும். நின்னுக்கிட்டுப் போற ஆளுன்னா ஒடம்பே பாய்மரத்துப் பாயாயிரும்.

ஏழு மணி இருக்கும். பையோட வந்தார். என்னைப் பாத்தார். நானும் பாத்தேன். தலையாட்டுனார். ஒரு நிமிசம் வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு. கேட்டா சொல்லுவோம்னு இருந்தேன். பழைய ஆளா இருந்தா, "ஏங்க, இன்னைக்குப் போகலாமா?"ன்னு கேட்டிருப்பாரு. போகாதீங்க சார்னு நான் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் கேக்கல. கேக்காத ஆளுக்கு நானா என்னத்தைச் சொல்றதுன்னு ஒரு வீம்பு. கரையில யாராச்சும் சொல்லுவாகன்னு விட்டுட்டேன். கரையில யாரு இருக்கா? எல்லாரும் தொழிலுக்குப் போயாச்சு.

ஒம்பதுக்கு மேல எனக்கு இருப்புக் கொள்ளல. ஃபோனை எடுத்தேன். அவர் நம்பரை நான் பேர் போட்டு வைக்கல. தெனம் நேர்ல வந்து நின்ன மனுசனுக்கு நம்பர் எதுக்கு? பிரிண்ட் எடுக்க அனுப்புனவுகன்னு வெறும் நம்பரா நூத்துக்கணக்குல கெடக்கு. அதுல எது அவருன்னு தெரியல. ஷட்டரை எறக்கிட்டுக் கரைக்கு ஓடுனேன். தண்ணி பளபளன்னு கெடக்கு. ஒரு ஆளைக் காணோம். எங்க வீட்டுக்காரருக்கு அடிச்சேன்.

"சார் பலகையில போயிருக்கார்ங்க. காணோம்."

"இந்தக் காத்துலயா? எந்தக் கூறுகெட்டவன் விட்டான்?"

"மொதல்ல தேடுங்க"ன்னேன்.

"இரு, இங்கிட்டு ஆரஞ்சா ஒன்னு தெரிஞ்சுச்சு. மிதவைன்னு நெனச்சேன். திருப்புறேன்."

கால் மணி நேரமோ, அரை மணி நேரமோ. எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன். படகு வந்துச்சு. உள்ள இவர் உக்காந்திருந்தார், குறுக்க அந்தப் பலகை. காலு ரெண்டும் வெளுத்து ஊறிப் போயி, ஒதடு வெடிச்சு, வெயில்ல மூஞ்சி கன்னிப் போயிருந்துச்சு. ரொம்ப உள்ள போயிட்டாராம். துடுப்பை மடியில வச்சுக்கிட்டு, பலகைக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு, சும்மா உக்காந்திருந்தாராம்.

கடையைத் தெறந்து பெஞ்சுல உக்கார வச்சு, சக்கரையை அள்ளிப் போட்டு டீ வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்காரர் படகை ஏத்தப் போயிட்டார். கழுத்துல தண்ணி புகாத பை தொங்குது, உள்ள ஃபோனு. அதைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிச்சு.

"ஃபோன் இருந்துச்சுல்ல சார்?"

"இருந்துச்சுங்க."

"சார்ஜு?"

"இருந்துச்சு."

"டவரு?"

"ரெண்டு கோடு இருந்துச்சுங்க."

"அப்பறம் என்ன சார்! ரெண்டு மணி நேரமா அதைக் கழுத்துல கட்டிக்கிட்டு என்ன பண்ணீங்க? செத்துப் போயிருந்தா?"

அவர் டீயைப் பாத்துக்கிட்டு இருந்தார். "யாருக்குப் பண்றதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. அண்ணனுக்குப் பண்ணா, அவர் ஆலங்குடியில இருந்து என்ன பண்ணுவார்? பயந்துதான் போவார். ஆஸ்பத்திரி இன்னைக்கு லீவு."

"சரி குடுங்க, இப்பவாச்சும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லுவோம்"னு கையை நீட்டுனேன். பையிலேருந்து எடுத்து, லாக்கை எடுத்துக் குடுத்தார். நம்பர் அடிக்கிற எடம் அப்படியே தெறந்து கெடந்துச்சு. பத்து எண்ணும் அடிச்சிருந்துச்சு. பச்சையை மட்டும் அமுக்கல. அது என் நம்பர்.

நான் அவரைப் பாத்தேன். அவர் என்னைப் பாக்கல.

"ஞாயித்துக்கெழமை பாருங்க"ன்னார். "ஒங்களுக்குக் கடையில கூட்டமா இருக்கும், வேலையா இருப்பீங்கன்னுதான்..."

அன்னைக்குக் காலையிலேருந்து என் கடைக்கு ஒரு ஆள்கூட வரலைங்க. தெருவைப் பாத்துக்கிட்டு நான் ஒத்தையாத்தான் உக்காந்திருந்தேன்.